பெயர் வரும் இடம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மேல்மாடித் தஹானி ஒருநாள் மாலை என் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்டாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பதில் சொன்னேன். அதில் வந்த வினைதான் இது.

கேள்வி இதுதான்: டிஜே ஆக வேண்டுமென்றால் காசு கட்டி வகுப்புக்குப் போவதா, வீட்டில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொள்வதா?

இர்பித் ஊரில் எத்தனையோ பேர் இருக்க, இதைக் கொண்டுவந்து என்னிடம் கேட்டதற்கு ஒரே காரணம்தான். எங்கள் கட்டடத்தில் வயது வந்த பிறகு வகுப்புக்குப் போன கிறுக்கி நான் ஒருத்தி மட்டும்தான். கதை எழுதக் கற்றுக்கொள்வதற்காக அம்மான் நகரத்துக்குப் பேருந்து ஏறிப் போய் வந்தேன். கட்டடமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

"ஸல்வா அக்கா, நெஜமா சொல்லு. அந்த வகுப்புல நீ என்னதான் கத்துக்கிட்டே?"

"அழிக்கக் கத்துக்கிட்டேன்."

"எழுதப் போனியா, அழிக்கப் போனியா?"

"எழுதறது எனக்கு முன்னாடியே வரும்டி. எதை எடுக்கணும்னுதான் தெரியாது. அதைச் சொல்லிக் குடுத்தாங்க."

அவள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தோலைக் கையிலேயே சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அதுதான் வேணும்," என்றாள்.

எதை எடுக்கப் போகிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. [தெரிந்திருந்தால் நான்— வேண்டாம். 'தெரிந்திருந்தால்' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் இந்தக் கதைக்குள் விடுவதாக இல்லை.]

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்களை இங்கேயே போட்டுவிடுகிறேன். ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.

முதல் தொடக்கம்: "மைசூன் இறந்து இரண்டு வருடம் ஆன பிறகும், ஒரு பாட்டுக்குள் அவள் பெயர் மட்டும்—"

நிறுத்திவிட்டேன். சாவில் தொடங்காதே என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வாசகருக்கு அந்த ஆளை இன்னும் தெரியாது, அதனால் அழ மாட்டார் என்பது அவர்கள் கணக்கு. எனக்குத் தெரியும், நான் அழுதேன். ஆனால் அது கதைக்கு உதவாது.

இரண்டாம் தொடக்கம்: "எங்கள் ஊர்க் கல்யாணத்தில், பெண்கள் மண்டபத்துக்குள், மணமகளுக்கு அடுத்த ராணி டிஜேதான்."

இது பொய்யில்லை. ஆண் வாடை படாத அந்தக் கூடத்தில் பாட்டுப் போடுகிறவளும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். யார் எப்போது ஆட வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவள் கையில். "மாப்பிள்ளை வர்றாரு" என்று அவள் ஒலிபெருக்கியில் சொன்னால் போதும், அத்தனை பெண்களும் தங்கள் மேலங்கியைத் தேடி ஓடுவார்கள். கல்யாண உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்த தஹானிக்கு அந்த மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. வகுப்பா, வீடா என்று வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொடக்கம் கலகலப்பாக இருந்தது. அதனால்தான் கைவிட்டேன். இப்படிச் சிரிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனால், போய்ச் சேரும் இடத்தில் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

மூன்றாம் தொடக்கம்: "மூன்று சகோதரிகள். மூத்தவள் தஹானி, கல்யாணமாகி விலகி வந்தவள். நடுவில் மைசூன். கடைசி நிஸ்ரீன். மைசூனை ஃபிராஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். லமார் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறகு மைசூனுக்கு இரத்தத்தில் நோய் வந்தது, போய்விட்டாள். இப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று, நிஸ்ரீனை அதே ஃபிராஸுக்குக் கட்டிவைப்பதாக இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள்."

இதைவிட வறட்டுத் தொடக்கம் உலகத்தில் கிடையாது. ஆனால் யாரும் குழம்ப மாட்டீர்கள். இதையே வைத்துக்கொள்கிறேன்.

[மூத்தவள் தனியாகத்தானே இருக்கிறாள், அவளை ஏன் யாருமே கேட்க—]*

* இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. தஹானியிடமே ஒருமுறை கேட்டுவிட்டேன். "தேநீர் ஆறிப்போச்சு" என்று எழுந்து போனாள். தேநீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இவை எதுவும் உண்மைப் பெயர்கள் அல்ல. எழுதிய முதல் படியில் உண்மைப் பெயர்களைத்தான் வைத்திருந்தேன். பிறகு கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினேன். இறந்தவளின் பெயர் இருந்த இடத்திலெல்லாம் 'மைசூன்' வந்து உட்கார்ந்துகொண்டது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று கணினியை மூடி வைத்தேன்.

3

மணமகள் மண்டபத்துக்குள் நுழையும்போது அவளுக்கென்றே பாடிப் பதிந்த ஒரு பாட்டு ஒலிக்கும். ஸஃப்பா என்போம். பெண்ணின் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் எல்லாம் அதற்குள் இருக்கும்.

மைசூனின் ஸஃப்பாவில் ஒரு விசேஷம் இருந்தது. மணமகளின் பெயர் பாடகியின் வாயில் வராது. அவள் பாடத் தொடங்குவதற்கு முன் ஒரு முதியவரின் குரல்தான் அதைச் சொல்லும்: "வா மகளே, மைசூன், இது உன் வீடு." ஃபிராஸின் அப்பா அபூ ஃபிராஸ், மருமகள்மேல் உள்ள பிரியத்தில் பதிவு நிலையத்துக்கே போய்ப் பேசிவிட்டு வந்த வரி. அடுத்த வருடமே அவரும் போய்விட்டார். ஆக, அந்தப் பாட்டுக்குள் இப்போது இறந்தவர்கள் இரண்டு பேர். ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவரை எடுக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கதையின் மொத்தப் பிரச்சினை.

தஹானி என் கதவைத் தட்டிய சில நாட்களில், அதைக் கேட்டு வந்தவர் ஃபிராஸின் அம்மா, உம்மு ஃபிராஸ். நான் அன்றைக்குப் புதினாக் கட்டைக் கொடுக்க மேலே போயிருந்தேன்.

"புதுப் பாட்டு எதுக்கு? அவரு 'வா மகளே'ன்னு கூப்பிடுவாரே, அது வேணும் எனக்கு. பேரை மட்டும் மாத்திடு."

"உம்மு ஃபிராஸ், அது மைசூனோட பாட்டு," என்றாள் தஹானி.

"தெரியாமலா கேக்கறேன்? என் வீட்டுக்காரரு குரல்னு ஒலகத்துல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். நிஸ்ரீனும் அவரு கூப்பிட்டு உள்ள வரட்டுமே. ரெண்டு பேருக்கும் பேரு ஒரே அளவுதான், பாட்டுல சரியா உக்காரும்."

"மண்டபத்துல டிஜே இருக்காங்க. அவங்களைக் கேளுங்க."

"வெளியாளுகிட்டக் குடுத்தா நாளைக்கே ஊர் பேசும். செத்தவ பாட்டைத் தூசி தட்டிப் போடறாங்கன்னு. நீ அவ அக்கா. நீ செஞ்சா அது வேற. ஒனக்கும் அந்த மேசை மேல ஆசை இருக்குல்ல? அன்னிக்கு முழுக்க நீயே போடு. நான் சொல்லிக்கறேன்."

முதல் படியில் உம்மு ஃபிராஸை வில்லியாக்கியிருந்தேன். மூக்கைக் கூர்மையாக்கி, குரலைக் கீச்சென்று ஆக்கி, கையில் வளையல்களை அடுக்கிவிட்டேன். பிறகு அன்று அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது: "ஆஸ்பத்திரில அவளுக்கு முடி கொட்டினப்போ, மிச்சம் இருந்த நாலு முடியைத் தெனமும் சீவி விட்டது யாரு? நானா, நீயா?" சீவி விட்டது உம்மு ஃபிராஸ்தான். மூக்கைப் பழையபடி சரிசெய்துவிட்டேன்.

4

பெயரை மாற்றித் தர ஒப்புக்கொண்ட தஹானி முதலில் வகுப்புக்குத்தான் போனாள். என் பேச்சைக் கேட்டுத்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் வீட்டில் தனியாக அந்தப் பாட்டைத் திறக்க அவளுக்குப் பயம், அதனால்தான் போனாள்.

அம்மானில் லுவைப்தே மேட்டில் ஒரு மாடி அறை. சொல்லிக்கொடுத்தவள் தாலா என்று ஒரு பெண், துறுதுறுவென்று இருப்பாளாம். கூடப் படித்தவர்கள் எல்லோரும் தஹானியைவிட வெகு இளையவர்கள். ஒரு பாட்டின் வாலில் இன்னொரு பாட்டின் தலையை இணைப்பது, ஒரு காதில் ஹெட்போனையும் மறு காதில் கூட்டத்தையும் கேட்பது, இதெல்லாம் அவளுக்கு மளமளவென்று வந்துவிட்டது. கடையில் ஒரு கவுனைப் பிரித்து வேறொரு இடுப்புக்குத் தைத்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.

பிறகு ஒருநாள், அவரவருக்கு வேண்டிய பாட்டைக் கொண்டுவாருங்கள், வெட்டி ஒட்டப் பழகலாம் என்று தாலா சொன்னாள். தஹானி ஸஃப்பாவைக் கொண்டுபோனாள். யாருடையது என்று வாய் திறக்கவில்லை.

மீதியை அவள் சொன்னபடியே தருகிறேன். இதில் கை வைத்தால் கெட்டுவிடும்.

"திரையில பாட்டு மேடும் பள்ளமுமா ஓடும்லக்கா. அதுல அவ பேரு ரெண்டே ரெண்டு சின்ன மேடு. தாலா சொல்றா, 'இதைப் பேரா பாக்காதீங்க, ரெண்டு மேடுன்னு பாருங்க, வெட்டுங்க'ன்னு. அப்புறம் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விட்டா. மைசூன், மைசூன், மைசூன். பெரிய ஸ்பீக்கர்ல. ஆளாளுக்கு வந்து வெட்டிப் பாத்தாங்க. ஒரு பையன் அதுக்குக் கீழ தாளம் போட்டான். நல்லா இருந்துச்சு. ஒருத்தி ஆடினா. நானும் கை தட்டினேன்."

"நீயா?"

"நானேதான். சிரிச்சேன்கூட. திரும்பி வரப்போ பஸ்ஸுல ஜன்னல் ஓரமா உக்காந்து நானே சொல்லிப் பாத்தேன். மைசூன்னு. ஒண்ணும் ஆகலக்கா. அந்தப் பேரைச் சொன்னா இங்க வயித்துல ஒண்ணு பெரளும். ரெண்டு வருசமா தெனம் பெரளுது. அது வரல. வெறும் சத்தமாயிடுச்சு."

"அது நல்லதுதானேடி? வலி கொஞ்சம்—"

"என்ன நல்லது? எங்கிட்ட அவளோடதுன்னு வேற என்ன இருக்கு? டிரெஸ்ஸெல்லாம் குடுத்தாச்சு. புள்ள அங்க இருக்கு. அந்த வலி ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் ஒரு மத்தியானத்துல கரைச்சுட்டாங்க."

சேலைப் பந்து போலச் சுருண்டு என் சோபாவில் அழுதாள்.* மறுபடி அந்த வகுப்புக்கு அவள் போகவில்லை.

* 'சேலைப் பந்து' தவறு. இங்கே யார் சேலை கட்டுகிறார்கள்? கதை எந்த மொழியில் எழுதப்படுகிறதோ அந்த மொழி தன் துணிமணிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

5

அதற்குப் பிறகு வீட்டில். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பழைய டிஜே கருவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். என் கூரை அவள் தரை. ஆகவே அவள் கற்றுக்கொண்டதையெல்லாம் நானும் கற்றுக்கொண்டேன்.

மாலையானால் "வா மகளே" என்று அபூ ஃபிராஸ் கூப்பிடுவார். உடனே நின்றுவிடும். மறுபடி "வா மகளே." நின்றுவிடும். பெயர் வருவதற்கு முன் அவள் விரல் நிறுத்திவிடும். எனக்குச் சமையலில் உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் போயிற்று. என் வீட்டுக்காரர் கஸ்ஸான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அந்தப் பொண்ணு எப்பதான் உள்ள வருவா? பாவம், மனுசன் தொண்டை வத்தக் கூப்பிடறாரு." நான் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

பெயரை எடுப்பது ஒரு வேலை. அந்த இடத்தில் வைக்க அவர் குரலிலேயே 'நிஸ்ரீன்' வேண்டுமே, அது எங்கே கிடைக்கும்? தஹானி மைசூனின் கல்யாண வீடியோவை முழுக்கப் பார்த்தாள். [அதை அவள் தனியாக எப்படிப் பார்த்திருப்பாள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் நான் அந்த அறைக்குள் இருந்தேன். உண்மையில் இல்லை.] பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கும் காட்சி. குளிர்காலம். சிறுமியாக இருந்த நிஸ்ரீன் கார்களை வேடிக்கை பார்க்க வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். ஓரத்திலிருந்து அபூ ஃபிராஸின் குரல்: "நிஸ்ரீன், கதவைச் சாத்து!"

மறுநாள் மாலை என் கூரை வழியாக முழு வரியும் வந்தது.

"வா மகளே, நிஸ்ரீன், இது உன் வீடு."

ஒட்டு தெரியவே இல்லை. எந்த வகுப்புக்குப் போயிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ஆனால் 'வா மகளே' கனிவாக இருந்தது, 'இது உன் வீடு' கனிவாக இருந்தது. நடுவில் வந்த பெயரில் மட்டும் ஒரு அதட்டல் இருந்தது.

6

நிஸ்ரீன் எனக்கு எழுத வரவில்லை. இதுவரை எழுதிய படிகளில் எல்லாம் அவள் காப்பித் தட்டோடு வருவாள், தலையைக் குனிவாள், போவாள். கல்யாணமே அவளுடையது, அவள் வாயில் ஒரு வார்த்தைகூட நான் வைக்கவில்லை. அவள் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நோட்டில் எழுதிவைத்தேன். எதையும் கேட்காமல் தலையாட்டுகிறவளை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது?

பிறகு அவளே வந்து என் வேலையை முடித்தாள். கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும். நான் மேலே தஹானியோடு உட்கார்ந்திருந்தேன். கவுனின் அளவு சரிபார்க்க வந்த நிஸ்ரீன், கதவருகே நின்று அந்த வரியைக் கேட்டுவிட்டாள்.

"இன்னொரு தடவ போடு," என்றாள்.

தஹானி போட்டாள்.

"இது அன்னிக்கு அவரு என்னைத் திட்டினது."

"ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இருக்காது? எல்லார் முன்னாடியும் கத்திட்டாருன்னு அழுதேன். மைசூன் அந்த அகலக் கவுனோட தரையில உக்காந்து என் மூக்கைத் தொடைச்சு விட்டா. கவுன் அழுக்காச்சுன்னு நீகூட அவளைத் திட்டினே."

தஹானி பாட்டை நிறுத்தினாள்.

"அவ கல்யாணத்துல கதவைத் தொறந்ததுக்கு வாங்கின திட்டு. இப்ப அதை வெச்சு என்னை உள்ள கூப்பிடறீங்களாக்கும்."

"அவரு வேற எங்கயும் ஒம் பேரைச் சொல்லலடி. பூரா பாத்துட்டேன்."

"அப்ப சொல்ல வேணாம். அக்கா, அவ பேரை எடுக்காதே."

"என்னடி பேசறே? கல்யாணப் பொண்ணு நீ. செத்தவ பேரைச் சொல்லிக் கூப்பிட, நீ நடந்து வருவியா?"

"அவ வீட்டுக்குத்தானே போறேன்? என்னை அவ வீட்ல ஒட்டறீங்க. அவ கட்டில்ல ஒட்டறீங்க. அவ புள்ளைக்கு அம்மான்னு ஒட்டறீங்க. எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். லமாரை வேற ஒருத்தி கையில குடுக்க எனக்கும் மனசில்ல, அதனால சரின்னுட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. ஆனா பாட்டுலயாச்சும் அவளை இருக்க விடுங்களேன். எல்லா எடத்துலயும் நானே போயி உக்காந்தா அவ எங்க போவா?"

தஹானி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நிஸ்ரீன் கவுனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய், இடுப்பில் தளர்வாக இருக்கிறது என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஸல்வா அக்கா, இதுக்கு ஒன் வகுப்புல என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள் தஹானி.

நான் ஊசிகளை எடுத்துக்கொண்டு நிஸ்ரீனின் இடுப்பைச் சரிசெய்யப் போனேன்.

7

இனி முடிவு. மூன்று எழுதினேன், மூன்றையும் கிழித்தேன்.

(அ) பெயர் வரும் இடத்தில் தஹானி மௌனத்தை வைக்கிறாள். அந்த இடைவெளியில் குழந்தை லமார், தன் அம்மாவின் பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவள், "மைசூன்" என்று கணீரென்று பாடிவிடுகிறாள். மண்டபமே கதறுகிறது.

நானும் எழுதும்போது கதறினேன். அதனால்தான் சந்தேகம் வந்தது. பெரியவர்கள் முடிவுசெய்யத் திணறுவதைக் குழந்தையின் வாயில் திணிப்பது கயமை. தவிர, லமார் அன்று மண்டபத்துக்கே வரவில்லை. காய்ச்சல்.

(ஆ) தஹானி பழைய பாட்டை அப்படியே போடுகிறாள். உம்மு ஃபிராஸ் மயங்கி விழுகிறார். இதைத் தஹானியிடமே படித்துக் காட்டினேன். "நான் என்ன டிவி தொடர்ல வர்ற சூழ்ச்சிக்காரியா? அந்தம்மா மைசூனுக்குத் தலை சீவினவங்க" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

(இ) சரியாக அந்த நொடியில் மின்சாரம் போய்விடுகிறது. இதைப் பற்றிப் பேசவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8

ஆகவே நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து மண்டபம் நிரம்பத் தொடங்கியது. யாரும் படம் பிடிக்கக் கூடாதென்று வாசலில் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தஹானி கறுப்புக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக மேசைக்குப் பின்னால் நின்றாள். எத்தனை வருட ஆசை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் போட்ட பாட்டுக்கு முழங்கால் வலிக்காரர்கள்கூட எழுந்து ஆடினார்கள். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. "யாருடி இது, புதுசா இருக்கா?" என்று என் பக்கத்தில் ஒருத்தி கேட்டாள். எங்கள் மேல்மாடி என்று பெருமையாகச் சொன்னேன்.

பிறகு விளக்குகள் மங்கின. வாசல் திறந்தது. வெள்ளையில் நிஸ்ரீன்.

நான் முன்வரிசையில் நின்றேன். ஸ்பீக்கருக்கு நேர் எதிரில். அந்த இடத்தைப் பிடிக்க இரண்டு பேரை முழங்கையால் தள்ளியிருந்தேன். எழுதப் போகிறவள் நான், ஒரு வார்த்தையும் தப்பக் கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"வா மகளே," என்றார் அபூ ஃபிராஸ்.

அவரைத் தெரிந்த கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அடுத்தது பெயர். மணமகளின் பெயர் வந்தால் நாங்கள் குலவையிடுவோம். யோசித்துச் செய்வதில்லை, கொட்டாவி மாதிரி அது தானாக வரும். அத்தனை பெண்களும் இட்டார்கள். உம்மு ஃபிராஸ் இட்டார். நானும் இட்டேன். எந்த நொடிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தேனோ அந்த நொடியில், கையை வாயின்மேல் வைத்து, நாக்கைச் சுழற்றி, என் சத்தத்தாலேயே என் காதை அடைத்துக்கொண்டேன்.

"...இது உன் வீடு," என்று வரியின் வால் மட்டும் கேட்டது.

நிஸ்ரீன் ஒரு கணம் நின்றாள். பிறகு நடந்து வந்தாள். தஹானியைத் திரும்பிப் பார்த்தேன். ஹெட்போனை ஒரு காதோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். என்ன ஒலித்தது என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

9

விட்டேனா? எல்லோரையும் கேட்டேன்.

உம்மு ஃபிராஸ்: "எவ்ளோ அழகா மாத்திட்டா! நிஸ்ரீன்னு கூப்பிட்டாரே, எங் காதுக்கு நல்லாக் கேட்டுச்சு. அவரு உசுரோட இருந்து கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சு." சொல்லும்போதே அழுதார்.

நிஸ்ரீன்: "அக்கா எம் பேச்சைக் கேட்டுட்டா. மைசூன்னுதான் வந்துச்சு. அதான் ஒரு நிமிசம் கால் ஓடல எனக்கு." அவளும் அழுதாள்.

இருவருமே குலவைக்கு நடுவில் இருந்தவர்கள். இருவருமே சத்தியம் செய்யத் தயார்.

கடைசியாகத் தஹானி. மாடிப்படியில் மடக்கினேன்.

"அந்த எடத்துல என்னடி வெச்சே?"

"நீ குலவை போட்டியா, இல்லியா?"

"போட்டேன்."

"அப்புறம் என்ன, விடு."

இரண்டு படி ஏறியவள் நின்று திரும்பினாள். "கதையில அவளுக்கு என்ன பேரு வெச்சிருக்கே?"

"மைசூன்."

உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா அது அவ இல்லியேக்கா."

இப்போது இர்பித்தில் பெண்கள் மண்டபம் என்றால் தஹானிதான். டிஜே ஆக ஆசைப்படும் பெண்கள் அவளைத் தேடி வந்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். வகுப்பைப் பாதியில் விட்டவள், எல்லோருக்கும் ஒரே பதில் சொல்கிறாள்: "வகுப்புக்குப் போ. நாலு பேரோட உக்காந்து கத்துக்கோ. வீட்ல தனியா உக்காராதே." நான் அவள் வேலை பார்ப்பதைச் சில கல்யாணங்களில் கவனித்திருக்கிறேன். எந்தப் பெண்ணின் ஸஃப்பாவாக இருந்தாலும், பெயர் வரும் இடத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறாள். பெயர் தாண்டிய பிறகு மறுபடி மாட்டிக்கொள்கிறாள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முடிவை நான் எழுதப் போவதில்லை, எனக்கு அது கேட்கவில்லை. ஆனால் நீங்கள் காகிதத்துக்கு முன்னால் இருக்கிறீர்கள். இங்கே குலவை இல்லை, கூட்டம் இல்லை, முழங்கையால் இடிக்க ஆளும் இல்லை. விளக்குகள் மங்கிவிட்டன. கதவைத் திறந்துவிட்டார்கள். அவர் கூப்பிடுகிறார்.

"வா மகளே, ................, இது உன் வீடு."

ஏதோ ஒரு பெயரைச் சொல்லித்தான் அந்த இடத்தைத் தாண்டியிருப்பீர்கள். அதை என்னிடம் சொல்ல வேண்டாம். உள்ளே வந்துகொண்டிருப்பவள் அவள்தான். கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள்.